புகாரும் போகுது கிரிவலம்!

பௌர்ணமி ராத்திரியில் திருவண்ணாமலையைச் சுற்றி நடந்திருக்கிறீர்களா? 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், யம லிங்கம் என்று எட்டு லிங்கத்தையும் கும்பிட்டுவிட்டு, கால் கடுக்க நடந்து முடித்தால்... கிளம்பின இடத்திலேயே நிற்பீர்கள். சாமி விஷயத்தில் அதுதான் புண்ணியம். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர் எழுதிக் கொடுக்கும் புகாரும் இதே மாதிரி ஒரு சுற்று சுற்றிவிட்டு, கிளம்பின இடத்துக்கே வந்து சேரும். என்ன, அதில் புண்ணியம்தான் கிடையாது!

எப்படி என்கிறீர்களா? ஒரு கற்பனை நர்ஸ் அக்காவை வைத்துப் பார்ப்போம். ஏதோ ஒரு மாவட்டத்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. நைட் டியூட்டி. வார்டுக்கு ஒரே ஸ்டாஃப் நர்ஸ். கட்டிலில் பாதி, தரையில் பாய் விரித்து மீதி என நோயாளிகள். சளி உறிஞ்சும் மெஷின் ஒரு மாதமாக ஓடவில்லை. அக்கா வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒருநாள் வெள்ளைத்தாளை எடுத்து எழுதியே விடுகிறார். அது வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் போகும். அவர் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்டிடம் கொடுப்பார். அங்கிருந்து ஆர்.எம்.ஓ., அப்புறம் மருத்துவக் கண்காணிப்பாளர், அப்புறம் டீன். இதற்குப் பெயர் 'உரிய வழி'. இந்த வழியில் எந்தப் படியிலும் பேப்பர் உட்கார்ந்து ஓய்வு எடுக்கலாம். ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

பொறுத்துப் பார்த்த அக்கா, ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகிறார் என்று வையுங்கள். (நம்ம மாவட்டத்தில் என்றால் வேங்கிக்கால்.) மனு வாங்குவார்கள், ரசீது கொடுப்பார்கள். மனு 'உரிய நடவடிக்கைக்காக' என்ற முத்திரையோடு யாருக்குப் போகும்? அதே ஆஸ்பத்திரிக்கு! டீன் ஆபீஸிலிருந்து ஆர்.எம்.ஓ., அங்கிருந்து நர்சிங் சூப்பரின்டெண்டென்ட், அங்கிருந்து வார்டு இன்சார்ஜ். கடைசியில் நம்ம அக்கா கையில் ஒரு பேப்பர் வந்து சேரும். திறந்து பார்த்தால் மெமோ. 'உரிய வழியில் அனுப்பாமல் நேரடியாக மேலிடத்துக்கு மனு அளித்தது ஏன் என்பதற்கு விளக்கம் அளிக்கவும்.' கிரிவலம் முடிந்தது. மெஷின்? அது அப்படியேதான் இருக்கு!

இதை எந்த ஒரு ஆஸ்பத்திரியையும் குறி வைத்துச் சொல்லவில்லை. அமைப்பே இப்படித்தான். யார் மேல் புகாரோ, அவர் கையைத் தாண்டித்தான் புகார் மேலே போக வேண்டும். ஹாஸ்டல் வார்டன் மேல் புகார் சொல்ல வார்டனிடமே ஃபார்ம் வாங்குகிற மாதிரி!

'நான் பி.காம். படிக்கிறேன் பாஸ், எனக்கு எதுக்கு இது?' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013-ல் திருவண்ணாமலைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, வருஷத்துக்கு 100 எம்.பி.பி.எஸ். இடங்களோடு. உங்கள் பள்ளித் தோழன் அங்கே ஹவுஸ் சர்ஜனாக இருக்கலாம். தங்கச்சி நர்சிங் படிக்கலாம். அதைவிட முக்கியம், நாளைக்கு உங்கள் பாட்டி படுக்கப் போவது அந்த அக்காவின் வார்டில். மெஷின் ஓடவில்லை என்று சொல்லத் தைரியம் உள்ள நர்ஸ் பாட்டிக்கு வேண்டுமா, வேண்டாமா?

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். நோயாளிகள் புகார் சொல்ல நிறைய கதவு இருக்கிறது. 104-க்கு போன் போடலாம். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. கலெக்டர் மனு. ஆஸ்பத்திரிக்குள் எங்கே ஓட்டை என்பது நோயாளியைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அங்கே வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்குத்தான் ஒரே வாசல், அதிலும் வாட்ச்மேன்.

இதில் எல்லாரும் ஒரே ஜாதி ஊழியர்களும் இல்லை. நிரந்தர டாக்டர், நர்ஸ் ஒரு ரகம். ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள் இன்னொரு ரகம். தரை துடைக்கும், ஸ்ட்ரெச்சர் தள்ளும் பணியாளர்களில் பலர் தனியார் ஏஜென்சி ஆட்கள். அவர்கள் புகார் சொல்ல வேண்டியது ஏஜென்சி சூப்பர்வைசரிடம். டீனைப் போய்க் கேட்டால், 'ஒப்பந்தம் போட்டது மேலிடம்மா' என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். ஹவுஸ் சர்ஜன், பி.ஜி. மாணவர்கள் கதை தனி. அவர்களுக்கு வேலை வாங்குகிறவரும், பரீட்சையில் மார்க் போடுகிறவரும் ஒரே ஆள்! இளம் டாக்டர்களுக்கு வாரம் 48 மணி நேரம்தான் டியூட்டி என்று 1992-லேயே மத்திய அரசு எழுதி வைத்துவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில், 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. 32 வருஷத்தில் கணக்கு இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. இதை யார் போய் எச்.ஓ.டி.யிடம் கேட்பது? தீசிஸில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தானே!

அரசு ஊழியர்கள் மத்தியில் 'செவன்டீன் ஏ', 'செவன்டீன் பி' என்று இரண்டு வார்த்தைகள் உண்டு. சொன்னாலே முகம் மாறும். தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு விதிகளில் 17(ஏ) என்பது சின்ன தண்டனைக்கான நடவடிக்கை. 17(பி) பெரிய தண்டனைக்கு, வேலையே போகும் அளவுக்கு. 17(பி) நிலுவையில் இருந்தால் பிரமோஷன் தள்ளிப் போகும், ரிட்டயர்மென்ட் பணம்கூட சிக்கலாகும். இதோடு 1973-ம் வருஷத்து நடத்தை விதிகளும் உண்டு. அரசை விமர்சித்துப் பத்திரிகையில் பேசக் கூடாது, ஸ்டிரைக் பண்ணக் கூடாது. ஆக, உள்ளே சொன்னால் நகராது. வெளியே சொன்னால் குற்றம்.

இதன் முழு வடிவத்தையும் தமிழ்நாடு பார்த்தது 2019 அக்டோபரில். அரசு டாக்டர்களின் கூட்டமைப்பு நான்கு கோரிக்கைகளை வைத்தது. 2009-ல் வந்த 354-ம் எண் அரசாணைப்படி சம்பளம், நோயாளிகள் எண்ணிக்கைக்கு ஏற்ப டாக்டர் பணியிடங்கள் என்பவை அவற்றில் முக்கியம். கவனியுங்கள், அரசாணை பத்து வருஷம் பழசு! மனு, பேச்சுவார்த்தை, உண்ணாவிரதம் எல்லாம் முடிந்து அக்டோபர் 25 அன்று ஸ்டிரைக் ஆரம்பித்தது. வேலைக்குத் திரும்பாவிட்டால் உங்கள் இடம் காலியானதாக அறிவிக்கப்படும் என்றது அரசு. நவம்பர் 1-ம் தேதி டாக்டர்கள் வாபஸ் வாங்கினார்கள். அத்தோடு முடிந்ததா? நூற்றுக்கும் மேற்பட்ட டாக்டர்களுக்கு டிரான்ஸ்ஃபர். 17(பி) சார்ஜ் மெமோ. போராட்டத்தை முன்னின்று நடத்திய டாக்டர் லட்சுமி நரசிம்மன் 2020 பிப்ரவரியில் மாரடைப்பில் இறந்துபோனார். மன உளைச்சல்தான் காரணம் என்று சக டாக்டர்கள் சொன்னார்கள். அந்த இடமாற்ற உத்தரவுகளை சென்னை உயர் நீதிமன்றம் 2020-ல் ரத்து செய்தது. 'நிர்வாகக் காரணங்களுக்காக' என்று ஃபைலில் எழுதப்படும் டிரான்ஸ்ஃபருக்கு உள்ளே தண்டனை ஒளிந்திருக்கலாம் என்பது அன்றைக்குக் கோர்ட் மூலமாக ஊருக்கே தெரிந்தது.

ஸ்டிரைக் சரியா தப்பா என்று இங்கே பட்டிமன்றம் வைக்கப் போவதில்லை. அந்த எட்டு நாளில் ஓ.பி.யில் காத்திருந்து திரும்பிப் போன கிராமத்து அம்மாக்களின் கோபமும் நியாயம்தான். ஆனால், பத்து வருஷம் ஒரு ஃபைல் தூங்கியதற்கு எந்த ஆபீஸருக்காவது மெமோ போனதா? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை.

நர்ஸ்கள் கதையும் இதே ரூட்தான். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த நர்ஸ்களுக்கு மாதச் சம்பளம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள். இரண்டு வருஷம் போனது, ஆர்டர் வரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஆயிரக்கணக்கானவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். கோர்ட் தடை போட்டதும் கலைந்தார்கள். பிறகு சம்பளம் 14,000 ஆனது. இரண்டு வருஷம் எழுதின மனுக்கள் செய்யாததை மூன்று நாள் தரையில் உட்கார்ந்தது செய்தது என்றால், மனு வாங்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, புகார் கவனிக்கப்படாமல் ஒருநாள் பெரிய தப்பே நடந்துவிட்டால்? அப்போதாவது மேலே இருப்பவர்கள் மாட்டுவார்களா?

2018 டிசம்பர். சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் வந்தது சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து. கொடுத்த இளைஞருக்கு 2016-லேயே கிருமி இருந்தது. அது அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. வெளிநாட்டு வேலைக்காக டெஸ்ட் எடுத்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்தவுடன் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஓடி ஒளியவில்லை. தானாகவே ஆஸ்பத்திரிக்குச் சொன்னார். பல ஆயிரம் கோடி பட்ஜெட் உள்ள ஒரு துறையில், தப்பைக் கண்டுபிடித்துச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். குற்ற உணர்ச்சியில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். முதலில் நடவடிக்கை பாய்ந்தது ஆய்வகப் பணியாளர்கள் மேல். அந்தப் பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி 2019 ஜூலையில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. லேப் டெக்னீஷியன் தப்பு செய்யவில்லை என்று சொல்லவில்லை. ஆனால், 2016-ல் கிருமி தெரிந்தும் அந்த இளைஞருக்குச் சொல்லாமல் விட்டது ஒரு ஆளின் மறதி இல்லை, அது நிர்வாகத்தின் ஓட்டை. ஓட்டைக்கு சஸ்பென்ஷன் ஆர்டர் அடிக்க முடியாதே! அதனால் கைக்கு எட்டியவருக்கு அடிக்கிறார்கள்.

வடக்கே கோரக்பூரில் 2017 ஆகஸ்ட்டில் ஆக்சிஜன் சப்ளை நின்றுபோய், சில நாட்களுக்குள் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தது ஞாபகம் இருக்கும். சப்ளை செய்த கம்பெனிக்கு லட்சக்கணக்கில் பாக்கி. 'பணம் தராவிட்டால் நிறுத்துவோம்' என்று அவர்கள் முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தார்கள். கடிதங்கள் ஃபைலில் பத்திரமாக இருந்தன. அந்த வழக்கில் கல்லூரி முதல்வரும் கைதானார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால், வார்டில் இருந்த டாக்டர் கஃபீல் கான் சுமார் எட்டு மாதம் ஜெயிலில் இருந்து 2018-ல் ஜாமீனில் வந்தார். 2021-ல் வேலையும் போனது.

கொல்கத்தா ஆர்.ஜி.கர் சம்பவம் உங்களில் பலரை மெழுகுவத்தி ஏந்த வைத்தது. 2024 ஆகஸ்ட் 9. டியூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர், ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே, செமினார் ஹாலில் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டார். டியூட்டி டாக்டர் தூங்க ஒரு பாதுகாப்பான ரூம் இல்லை என்பது எல்லா ஆஸ்பத்திரியிலும் பழைய புகார். மூன்றாம் நாள் கல்லூரி முதல்வர் ராஜினாமா செய்தார். அடுத்த சில மணி நேரத்தில்... இன்னொரு மெடிக்கல் காலேஜுக்கு முதல்வராக நியமனம்! கோர்ட் தலையிட்டு அவரை லீவில் போகச் சொன்னது. நர்ஸுக்கு என்றால் மெமோ, டெக்னீஷியனுக்கு என்றால் சஸ்பென்ஷன், முதல்வருக்கு என்றால் புது நாற்காலி. நிர்வாகப் பொறுப்பு என்ற வார்த்தைக்கு நம்ம ஊர் அகராதியில் இருக்கும் அர்த்தம் அந்த ஒரு நாளில் அப்பட்டமாகத் தெரிந்தது.

வெளியே வந்து பேசியவர்கள் கதி? ஆந்திராவில் நர்சிப்பட்டினம் அரசு ஆஸ்பத்திரி மயக்க மருந்து டாக்டர் சுதாகர், 2020 ஏப்ரலில் என்-95 மாஸ்க் கொடுக்கவில்லை என்று கேமரா முன்னால் சொன்னார். சஸ்பெண்ட் ஆனார். அடுத்த மாதம் விசாகப்பட்டினம் ரோட்டில் அவர் கையைக் கட்டிப் போலீஸ் இழுத்துப் போன வீடியோவை நாடே பார்த்தது. ஹைகோர்ட் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 2021 மே மாதம் அவர் இறந்துபோனார். அவர் கேட்டது ஒரு மாஸ்க்!

பக்கத்து கேரளாவில் கொஞ்சம் நாகரிகமாக நடந்தது. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜின் சிறுநீரகவியல் துறைத் தலைவர் டாக்டர் ஹாரிஸ் சிரக்கல், 2025 ஜூனில் ஃபேஸ்புக்கில் எழுதினார். கருவிகள் இல்லாமல் ஆபரேஷன்களைத் தள்ளிப் போடுகிறோம், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்ற ரீதியில். சில நாட்களிலேயே கருவிகள் வந்தன! விசாரணைக் குழுவும் வந்தது. ஜூலை முடிவில் அவருக்கே விளக்கம் கேட்டு நோட்டீஸும் வந்தது. நாகரிகமான ஊரிலும் கிரிவலப் பாதை ஒன்றுதான் போல.

நியாயமாக டீன்கள் பக்கமும் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு டீனால் புதிதாக நான்கு நர்ஸ் போஸ்ட் உருவாக்க முடியாது. மருந்தும் பெரிய மெஷின்களும் வாங்குவது சென்னையில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மெடிக்கல் காலேஜுக்கு ஒரு இயக்குநரகம், ஆரணி, போளூர் மாதிரி ஆஸ்பத்திரிகளுக்கு இன்னொன்று, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மூன்றாவது. கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும்போது கிரிவலப் பாதை மருத்துவ முகாம்களுக்கும் இந்தப் பட்டியலில் இருந்துதான் ஆள் எடுக்க வேண்டும். ஆக, டீனும் மேலே கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் இன்னொரு மனுதாரர்தான். சிலர் பழி தீர்க்க மொட்டைக் கடுதாசி போடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் பேர் போடாவிட்டால் குப்பைத்தொட்டி, பேர் போட்டால் மெமோ என்று இருந்தால், மொட்டைக் கடுதாசி பெருகாமல் என்ன செய்யும்?

இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஆஸ்பத்திரி கதை இதற்கு நல்ல உதாரணம். இதய ஆபரேஷன் செய்த குழந்தைகள் அதிகமாக இறக்கிறார்கள் என்று மயக்க மருந்து டாக்டர் ஸ்டீபன் போல்சின் கணக்கு எழுதி வைத்து, வருஷக்கணக்கில் மேலிடத்துக்குச் சொன்னார். கேட்கவில்லை. அவர் ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டார். 2001-ல் விசாரணை அறிக்கை வந்தபோது, 1991-லிருந்து 1995 வரை 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக இறந்திருப்பதாகச் சொன்னது. ஸ்டாஃபோர்டு ஆஸ்பத்திரியில் இன்னொரு பெரிய விவகாரமும் வெடித்த பிறகுதான், ஊழியர் குறைகளைக் கேட்பதற்கென்றே ஒவ்வொரு அரசு மருத்துவமனை நிர்வாகத்திலும் ஒரு காப்பாளர் இருக்க வேண்டும் என்று 2016-ல் கொண்டுவந்தார்கள். அவர் புகார்தாரரின் மேலதிகாரி இல்லை. ஸ்பெஷாலிட்டியே அதுதான்.

நம்மிடம் அப்படி எதுவுமே இல்லையா? ஒன்றே ஒன்று இருக்கிறது. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், 2013. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார் குழு கட்டாயம். தலைவர் பெண். பாதிக்குக் குறையாமல் பெண்கள். முக்கியமாக, வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். ஒப்பந்தப் பணியாளர், டிரெய்னி எல்லாரும் புகார் தரலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். நிர்வாகத் தலைவர் மேலேயே புகார் என்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். கெடுவும் உண்டு, வெளியாளும் உண்டு. ஓடாத மெஷினுக்கும், ஆளில்லாத வார்டுக்கும், 36 மணி நேர டியூட்டிக்கும் இப்படி ஒரு குழு வைத்தால் வானம் இடிந்து விழுமா என்ன? முறைகேட்டை வெளிப்படுத்துபவர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 2014-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி ஜனாதிபதி கையெழுத்தும் ஆனது. இன்னும் அமலுக்கு வரவில்லை. அதுவும் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறது போல!

அதுவரை ஹவுஸ் சர்ஜன், நர்சிங் ஃப்ரெண்ட்ஸுக்குச் சில விஷயங்கள். வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும், எழுதுங்கள். 'எங்க வார்டு மோசம்' என்று எழுதாதீர்கள். எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ், எந்த மெஷின் என்று எழுதுங்கள். தனியாகப் போகாமல் நாலு பேர் கையெழுத்தோடு போங்கள். நாலு பேருக்கு ஒரே நாளில் மெமோ கொடுப்பது நிர்வாகத்துக்குக் கொஞ்சம் சங்கடமான வேலை. தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் டைரி எண்ணும் வாங்காமல் நகராதீர்கள். நோயாளி பெயர், ரிப்போர்ட், வார்டு வீடியோ எதையும் வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள். உங்கள் நியாயம் முழுக்க அந்த ஒரு தப்பில் அடிபட்டுப் போகும்.

பி.காம். நண்பருக்கும் வேலை இருக்கிறது. அவருக்கு 17(பி) யாரும் கொடுக்க முடியாது! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. 'கடந்த ஒரு வருஷத்தில் மருத்துவக் கருவிகள் பழுது பற்றி ஊழியர்கள் கொடுத்த புகார்கள் எத்தனை? ஒவ்வொன்றும் பெறப்பட்ட தேதி, சரிசெய்யப்பட்ட தேதி என்ன? உள்ளகப் புகார் குழுவின் வெளி உறுப்பினர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர்? குழு கடைசியாகக் கூடிய தேதி எது?' இவ்வளவுதான் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு அடுத்த 30 நாள் இருக்கிறது. அந்த மனுவை எழுதுகிறவர் அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.